புதியவர் கட்டும் விலை

ஆங்கில விக்கிப்பீடியாவில் இன்று கணக்குத் தொடங்கும் ஒருவர் இன்றே ஒரு புதிய கட்டுரையை நேரடியாக வெளியிட முடியாது. கணக்குக்கு நான்கு நாள் வயதாக வேண்டும். குறைந்தது பத்துத் திருத்தங்களும் செய்திருக்க வேண்டும். அதுவரை பக்கங்களின் தலைப்பை மாற்ற முடியாது, பகுதிப் பூட்டு போட்ட பக்கங்களில் கை வைக்க முடியாது, ஒரு வெளித்தள இணைப்பைச் சேர்த்தால்கூட மனிதர்தான் என்று நிரூபிக்கச் சொல்லும். வந்தவர் ஓய்வுபெற்ற பேராசிரியரா, பள்ளி மாணவியா, போலி மருந்து விற்பவரா என்று அந்த விதி விசாரிப்பதில்லை. நிரலாளர்கள் கூடும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில், பிறர் பதிவின் கீழே ஒரு வரிக் கருத்து எழுத 50 புள்ளிகள் சேர்ந்திருக்க வேண்டும். உரையாடல் தளமான டிஸ்கார்டில் குழு நிர்வாகி நினைத்தால், சேர்ந்து பத்து நிமிடம் ஆகாதவரைப் பேசவிடாமல் வைக்கலாம்.

இந்தக் கதவுகளில் முட்டிக்கொண்டவருக்கு வரும் கோபம் நியாயமானது. தவறு செய்தபின் தண்டிப்பதை யாரும் ஏற்றுக்கொள்வார்கள். இங்கே தவறு எதுவும் நடப்பதற்கு முன்பே, அறிமுகம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரின் உரிமை குறைகிறது. ஆனாலும் இணையம் இன்று இருக்கும் வடிவத்தில் இதை முழுவதும் தவிர்க்க வழியில்லை. அதைக் காட்டும் ஒரு கணித மாதிரியே இருக்கிறது. தவிர்க்க முடியாது என்று ஒப்புக்கொண்டால், கேட்க வேண்டிய கேள்வி மாறிவிடுகிறது. புதியவரிடம் வாங்கும் விலையை எந்த நாணயத்தில் வாங்குவது? பணமாகவா, நேரமாகவா, உழைப்பாகவா, அடையாள அட்டையாகவா? நேர்மையானவரிடம் தாராளமாக இருப்பதும் ஸ்பேம் என்ற விளம்பரக் குப்பையை அனுப்புகிறவரிடம் இல்லாததுமான ஒன்று எது?

முதலில் எதிர்த்தரப்பான ஸ்பேமரின் வரவு செலவைப் பார்த்துவிட வேண்டும். 1978 மே மாதம், டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் இருந்த கேரி தூர்க், இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பர மடலை அனுப்பினார். முகவரிகளைக் கையால் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. பதினாறு ஆண்டுகள் கழித்து, 1994 ஏப்ரலில், அரிசோனாவைச் சேர்ந்த வழக்கறிஞர் தம்பதி லாரன்ஸ் கேன்டரும் மார்த்தா சீகலும் கிரீன் கார்டு குலுக்கல் பற்றிய தங்கள் விளம்பரத்தை யூஸ்நெட்டின் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட உரையாடல் குழுக்களில் போட்டார்கள். அதற்கு ஒரு சிறு நிரல் போதுமானதாக இருந்தது. விளம்பரம் செய்யும் ஆசை இருவரிடமும் ஒன்றுதான். இடையில் மாறியது, இன்னும் ஒரு ஆளை எட்டுவதற்கு ஆகும் செலவு. அது பூச்சியத்தைத் தொட்டுவிட்டது.

பூச்சியம் என்ற சொல்லின் முழுப் பொருளை 2008இல் கலிபோர்னியாவின் சான் டியேகோ, பெர்க்லி ஆய்வாளர்கள் நடத்திய ஒரு சோதனை காட்டியது. ஸ்டார்ம் என்ற பெயருடைய, உலகெங்கும் வைரஸ் பிடித்த கணினிகளால் ஆன வலையமைப்பின் ஒரு சிறு பகுதிக்குள் அவர்கள் நுழைந்தார்கள். அதன் வழியே போகும் ஸ்பேம் மடல்களில் இருந்த முகவரியை, தாங்கள் அமைத்த போலி மருந்துக்கடைப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டார்கள். அங்கே வாங்க வந்தவரிடம் பணம் பறிக்கப்படவில்லை. வாங்கும் கட்டத்தில் பிழைச் செய்தி காட்டி அனுப்பிவிட்டார்கள். 26 நாளில் ஏறத்தாழ 35 கோடி மடல்கள் போயின. வாங்கும் கட்டம் வரை வந்தவர்கள் 28 பேர். அவர்கள் வாங்க நினைத்த பொருள்களின் மொத்த மதிப்பு 2,700 டாலர் சொச்சம்.

ஒன்றேகால் கோடி மடலுக்கு ஒரு வாடிக்கையாளர். உலகத்தில் வேறு எந்த வியாபாரமும் இந்த விகிதத்தில் ஒரு நாள்கூட நிற்காது. ஸ்பேம் நிற்கிறது, காரணம் அனுப்புகிறவருக்குச் செலவே இல்லை. இப்போது ஒரு மடலுக்கு ஒரே ஒரு பைசா செலவு வைத்துப் பாருங்கள். 35 கோடி மடலுக்கு 35 லட்சம் ரூபாய். வரவோ அன்றைய மாற்று மதிப்பில் ஒரு லட்சத்துச் சொச்சம். தொழில் அந்த இடத்திலேயே படுத்துவிடும். புதியவர்களுக்கு விதிக்கும் கட்டுப்பாடுகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் அறிவியல் இதுதான். ஸ்பேமர் யார் என்று கண்டுபிடிக்க அவை முயல்வதில்லை. ஒவ்வொரு செய்திக்கும் அந்த ஒரு பைசாவை ஏதாவது ஒரு வடிவத்தில் வசூலிக்கப் பார்க்கின்றன.

சமூகத் தளங்களில் ஸ்பேமரின் நோக்கம் மடலில் இருப்பதைவிடக் கொஞ்சம் வேறு. அங்கே மனிதர் யாரும் படிக்காவிட்டாலும் அவருக்குக் கவலையில்லை. தன் தளத்துக்குப் போகும் ஓர் இணைப்பு நல்ல பெயருள்ள பக்கத்தில் பதிந்தால் போதும், தேடுபொறி தன்னை மேலே ஏற்றும் என்பது கணக்கு. 2005இல் கூகுள், இன்ன இணைப்பை மதிப்பீட்டில் சேர்க்காதே என்று பக்கத்தின் நிரலிலேயே குறித்துவைக்கும் ஒரு வழியைக் கொண்டுவந்தது. 2007 தொடக்கத்தில் ஆங்கில விக்கிப்பீடியா தன் வெளி இணைப்புகள் எல்லாவற்றுக்கும் அதைப் போட்டது. ஸ்பேம் நிற்கவில்லை. முயன்று பார்க்கவே செலவில்லாதவர், பயன் இருக்கிறதா என்று ஏன் விசாரிக்கப் போகிறார்?

இனி, தவிர்க்க முடியாது என்று சொன்னதற்கான காரணம். 2001இல் எரிக் ஃப்ரீட்மன், பால் ரெஸ்னிக் என்ற இரு ஆய்வாளர்கள் மலிவான புனைபெயர்களால் சமூகத்துக்கு நேரும் செலவைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். விளையாட்டுக் கோட்பாட்டின் மொழியில் அமைந்தது அது. பலர் மாறிமாறி ஒருவரோடு ஒருவர் கொடுக்கல் வாங்கல் செய்கிறார்கள். ஏமாற்றினால் உடனடி லாபம், ஒத்துழைத்தால் இருவருக்கும் நீண்டகால நன்மை. பெயர் மாறாமல் இருந்தால், ஏமாற்றியவரை அடுத்த முறை ஒதுக்கலாம்; அந்தப் பயத்திலேயே பலர் ஒழுங்காக இருப்பார்கள். ஆனால் நினைத்தபோது பெயரை உதறிவிட்டுப் புதுப் பெயரில் வரலாம் என்றால்?

கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டு மளிகை கொடுக்கும் கடைக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். பாக்கி வைத்தவர் நாளைக்கு வேறு முகத்தோடு வந்து நிற்க முடியும் என்றால், அந்தக் கடைக்காரர் எந்தப் புது முகத்துக்கும் கடன் கொடுக்க மாட்டார். உண்மையிலேயே ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவரும் கையில் காசு இல்லையென்றால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். ஃப்ரீட்மனும் ரெஸ்னிக்கும் நிறுவியது இதையே. பெயர் இலவசமாகக் கிடைக்கும் இடத்தில், புதியவரைச் சந்தேகத்தோடு நடத்தி, அவர் கொஞ்ச காலம் இழப்பைத் தாங்கித் தன்னை நிரூபிக்கும்வரை காத்திருப்பதைவிடக் கணிசமாக மேலான ஏற்பாடு எதுவும் நிலைத்து நிற்காது. அடுத்த ஆண்டு, 2002இல், மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தின் ஜான் டூசர் கணினி வலையமைப்புகளுக்கும் இதே மாதிரி ஒரு முடிவைச் சொன்னார். அடையாளங்களுக்குப் பொறுப்பேற்கும் ஒரு மையம் இல்லாவிட்டால், ஒரே ஆள் ஆயிரம் பேராக வேடமிடுவதை நடைமுறையில் தடுக்க முடியாது.

ஆக, விலை உண்டு. நேர்மையானவரும் கட்டித்தான் ஆக வேண்டும். இந்தக் கண்டுபிடிப்பை நான் ஒரு துயரச் செய்தியாகவே படிக்கிறேன். யாரோ சிலர் பெயரை உதறிவிட்டு ஓடுவதற்கான தண்டத்தை, ஓடும் எண்ணமே இல்லாத ஒவ்வொருவரும் முன்கூட்டியே செலுத்துகிறார்கள். அந்தத் தண்டம் அவர்களுக்கு இயன்ற மட்டும் லேசாக இருக்க வேண்டும் என்று கேட்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

பணமாக வாங்குவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். 1999இல் மேட் ஹாவி தொடங்கிய மெட்டாஃபில்டர் என்ற அமெரிக்கச் சமூகம், 2004இல் புதிய உறுப்பினரிடம் ஒரே ஒரு முறை ஐந்து டாலர் வாங்கத் தொடங்கியது. உரையாடலின் தரத்துக்குப் பேர்போன இடம் அது. 2023 அக்டோபரில் எக்ஸ் தளமும் நியூசிலாந்திலும் பிலிப்பைன்ஸிலும் புதிய கணக்குகளிடம் ஆண்டுக்கு ஒரு டாலர் கேட்டுப் பார்த்தது. சின்னத் தொகைதான். ஆனால் ஒரு டாலர் ஆக்லாந்தில் எவ்வளவு, மிண்டனாவோவின் ஒரு கிராமத்தில் எவ்வளவு? தொகையைவிடப் பெரிய தடை அதைச் செலுத்தும் வழி. பன்னாட்டு அட்டை கையில் இல்லாத மாணவருக்கு ஒரு டாலரும் ஆயிரம் டாலரும் ஒன்றே. நுழைவுக் கட்டணம் ஏழைகளையும், உள்ளே என்ன இருக்கிறதென்று இன்னும் தெரியாதவர்களையும் விரட்டும் என்று ஃப்ரீட்மனும் ரெஸ்னிக்குமே எச்சரித்திருக்கிறார்கள்.

பணத்துக்குப் பதிலாகக் கணினியின் உழைப்பை வாங்கலாம் என்று 1992இல் சிந்தியா டுவர்க், மோனி நாவோர் இருவரும் முன்மொழிந்தார்கள். மடல் அனுப்பும் முன் அனுப்புகிறவரின் கணினி ஒரு புதிரை விடுவிக்க வேண்டும். விடுவிக்கச் சில நொடி ஆகும், விடை சரியா என்று பார்க்கக் கணநேரம் போதும். ஒரு மடல் எழுதுகிறவருக்கு அது தெரியக்கூடாது, கோடி மடல் அனுப்புகிறவருக்கு முதுகு ஒடிய வேண்டும். 1997இல் ஆடம் பேக் இதே வழியில் ஹேஷ்கேஷ் என்ற ஒன்றைச் செய்தார். பின்னாளில் பிட்காயின் இந்த உத்தியைத்தான் எடுத்துக்கொண்டது. ஸ்பேமுக்கு எதிராக மட்டும் அது பலிக்கவில்லை. ஏன் பலிக்காது என்று 2004இல் பென் லாரியும் ரிச்சர்ட் கிளேட்டனும் கணக்குப் போட்டே காட்டினார்கள். ஸ்பேமர் தன் கணினியைப் பயன்படுத்துவதில்லை. பிறரிடம் திருடிய லட்சம் கணினிகள் அவர் கையில் இருக்கின்றன. அவரைத் தடுக்கும் அளவுக்குப் புதிரைக் கடினமாக்கினால், நியாயமாக நிறைய மடல் அனுப்ப வேண்டியவர்களும் மாட்டிக்கொள்வார்கள். எதிரியிடம் திருட்டுச் சொத்தாகக் குவிந்திருக்கும் நாணயத்தில் கட்டணம் கேட்பது வீண்.

கேப்ட்சாவும் அப்படித்தான் போனது. நெளிந்த எழுத்தைப் படிப்பது மனிதருக்கு எளிது, இயந்திரத்துக்குக் கடினம் என்ற எண்ணத்தில் பிறந்தது அது. இயந்திரங்கள் அதை முழுதாகக் கற்றுக்கொள்வதற்கு முன்பே சந்தை அதைத் தோற்கடித்துவிட்டது. சான் டியேகோ ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு, கேப்ட்சாவை மனிதர்களைக் கொண்டு விடுவித்துத் தரும் கூலிச் சேவைகளை ஆராய்ந்தது. ஆயிரம் கேப்ட்சாவுக்கு ஒரு டாலர் என்ற அளவுக்கு விலை இறங்கியிருந்தது; உட்கார்ந்து தட்டச்சு செய்கிறவருக்கு அரை டாலர்தான் போய்ச் சேர்ந்தது. அந்தத் தொழிலாளர்கள் எந்த நாட்டவர் என்று அறிய, எண்களின் பெயர்களைப் பல மொழிகளில் எழுதிக் கேட்டுப் பார்த்தார்கள். அந்த மொழிகளில் ஒன்று தமிழ். ஒருபக்கம் ஆயிரத்துக்கு அரை டாலர் கூலிக்குக் கண்ணைக் கொடுத்த மனிதர்கள். மறுபக்கம் பார்வையற்ற ஒருவர் தன் சொந்தக் கணக்கைத் திறக்க முடியாமல் அதே படத்தின் முன்னால் நின்றார். ஸ்பேமருக்கு ஒரு டாலருக்கு ஆயிரம் கிடைத்த அனுமதி, அவருக்கு எந்த விலைக்கும் கிடைக்கவில்லை. தடைகளிலேயே என்னால் ஏற்கவே முடியாத தடை இது.

அடையாள அட்டையை நாணயமாக்கிப் பார்த்த நாடு தென்கொரியா. அங்கே நோக்கம் ஸ்பேமைவிட அவதூறுக் கருத்துகளைத் தடுப்பது. ஆனால் வழி இதேதான். 2007 முதல், தினமும் மூன்று லட்சத்துக்கு மேல் பார்வையாளர் வரும் தளங்களில் எழுதுகிறவர் தம் உண்மை அடையாளத்தை உறுதிசெய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது. 2009இல் அந்த வரம்பு ஒரு லட்சமாகக் குறைந்தது. தளங்களிடம் குடிமக்களின் பதிவெண்கள் மலையாகக் குவிந்தன. 2011 ஜூலையில் நேட், சைவேர்ல்ட் தளங்களை உடைத்த கும்பல் மூன்றரைக் கோடிப் பேரின் விவரங்களை அள்ளிக்கொண்டு போனது. நாட்டின் மக்கள்தொகையே ஐந்து கோடிதான். 2012 ஆகஸ்டில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது.

மிஞ்சுவது நேரம். நேரத்தை நாணயமாக்கிய அழகான உதாரணம் 2003இல் இவான் ஹாரிஸ் முன்வைத்த சாம்பல்பட்டியல் முறை. முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து மடல் வந்தால், பெறும் சேவையகம் அதைத் தள்ளிவிடாது, ஏற்கவும் செய்யாது; இப்போது முடியவில்லை, பிறகு வா என்று தற்காலிகப் பிழை சொல்லும். மடல் அனுப்பும் நெறிமுறைப்படி ஒழுங்கான சேவையகம் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முயலும். அன்றைய ஸ்பேம் நிரல்கள் முயலவில்லை. கோடி முகவரிகளை வைத்திருப்பவருக்கு ஒரே கதவில் நின்று காத்திருக்க ஏது பொறுமை? யார் நல்லவர் என்று ஒரு வரிகூடப் படிக்காமல், காத்திருக்கத் தயாரா என்பதை மட்டும் கேட்டுக் குப்பையின் பெரும்பகுதி வெளியே நிறுத்தப்பட்டது. நேர்மையானவர் இழந்தது சில நிமிடம், அதுவும் முதல் முறை மட்டும். அவசரமாக வரவேண்டிய கடவுச்சொல் மடல் தாமதமாவது போன்ற தொல்லைகள் இருந்தன. ஸ்பேம் நிரல்களும் நாளடைவில் மறுமுயற்சி செய்யப் பழகிக்கொண்டன.

இந்தப் பழக்கம்தான் நேரம் என்ற நாணயத்தின் ஓட்டையைக் காட்டுகிறது. காத்திருப்பதை ஒரே நேரத்தில் எத்தனை பேர் வேண்டுமானாலும் செய்யலாம். ஆயிரம் கணக்குகளை இன்று தொடங்கி நான்கு நாள் தூங்கவிட்டால், ஆயிரமும் ஒரே நாளில் வயதுக்கு வந்துவிடும். மூப்படைந்த கணக்குகளை மொத்தமாக விற்கும் சந்தை இருப்பதன் காரணம் அதுவே. வேலை அப்படி இல்லை. ஆயிரம் கணக்குக்கும் பத்துப் பத்துத் திருத்தம் செய்ய, பத்தாயிரம் முறை எதையாவது செய்தாக வேண்டும். ஒவ்வொன்றும் பிறர் கண்ணில் படும். காலத்தையும் செயலையும் சேர்த்துக் கேட்கும் விக்கிப்பீடியா விதியின் கெட்டிக்காரத்தனம் இந்த இணைப்பில் இருக்கிறது.

கெட்டிதான், ஆனால் உடைக்க முடியாதது இல்லை. 2015இல் ஆங்கில விக்கிப்பீடியா 381 கணக்குகளை ஒரே அடியாகத் தடுத்தது. ஆரஞ்ச்மூடி என்ற கணக்கின் பெயரால் அறியப்படும் அந்தக் கும்பல், நிராகரிக்கப்பட்ட வரைவுகளைத் தேடி எடுத்து, அவற்றுக்கு உரியவர்களிடம் பணம் கேட்டு வெளியிட்டது. பிறகு பக்கத்தைக் காப்பதாகச் சொல்லியும் பணம் கேட்டது. அவர்களுடைய துணைக் கணக்குகள் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? வாசகங்களில் உள்ளிணைப்பு போடுவது போன்ற தீங்கற்ற சிறு திருத்தங்கள், பத்துப் பன்னிரண்டு. தேர்வுக்குப் படிப்பது போல விதியைப் படித்து, தேர்ச்சிக்குத் தேவையான அளவு மட்டும் செய்திருந்தார்கள். ஒரு பக்கத்துக்கு நல்ல தொகை கிடைக்கும் இடத்தில் பத்துத் திருத்தம் என்ற விலை அவர்களுக்குக் கட்டுபடியானது. ஒன்றேகால் கோடிக்கு ஒரு வாடிக்கையாளர் என்ற தொழிலுக்கு அது கட்டாது. கட்டுப்பாடு எந்த எதிரிக்கு என்று தெரியாமல் அதன் உயரத்தை நிர்ணயிக்க முடியாது.

மறுபக்கத்துச் செலவுக்கு, கட்டுப்பாடுகளால் நல்ல புதியவர்களை இழப்பதற்கு, வருகிறேன். அதை யாரும் எளிதில் பார்ப்பதில்லை, ஏனென்றால் திரும்பிப் போனவர் புகார் எழுதுவதில்லை. கட்டுப்பாடுகள் இறுகிய கதையை ஒரு பொய்யிலிருந்து தொடங்கலாம். 2005 மே மாதம் ஜான் சீகன்தாலர் என்ற மூத்த அமெரிக்க இதழாளரைப் பற்றிய விக்கிப்பீடியா பக்கத்தில், கென்னடி கொலைகளோடு அவருக்குத் தொடர்பு இருந்ததாகச் சந்தேகிக்கப்பட்டது என்று ஒரு பெயரிலி எழுதிவைத்தார். அந்தப் பொய் நான்கு மாதம் அங்கேயே கிடந்தது. சீகன்தாலர் அந்த நவம்பரில் நாளிதழில் எழுதியதும் பெரும் சர்ச்சை. டிசம்பரில், கணக்கு இல்லாதவர்கள் புதிய பக்கம் தொடங்குவது நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டுகளில், கெட்ட திருத்தங்களை நொடியில் திருப்பும் தானியங்கிகளும் அரைத்தானியங்கிக் கருவிகளும் பெருகின. 2007இல் உச்சத்தைத் தொட்ட ஆங்கில விக்கிப்பீடியாவின் தீவிரப் பங்களிப்பாளர் எண்ணிக்கை அதன்பின் சரியத் தொடங்கியது. ஏன் என்று ஏரன் ஹாஃபேக்கரும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் ஆராய்ந்தபோது, நல்லெண்ணத்தோடு வந்த புதியவர்களின் முதல் திருத்தங்கள் முன்னைவிட அதிகமாகத் தள்ளப்படுவதையும், தள்ளப்பட்டவர்கள் திரும்பி வராததையும் கண்டார்கள். காவலுக்கு வைத்த கருவிகள் வாரிசுகளையும் சேர்த்து விரட்டிக்கொண்டிருந்தன.

பெஞ்சமின் மாகோ ஹில், ஏரன் ஷா இருவரும் 2021இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. தனித்தனிச் சமூகங்கள் நடத்திய 136 விக்கிகளில், எழுத வேண்டுமானால் கணக்குத் தொடங்கு என்று விதி வந்ததற்கு முன்னும் பின்னும் என்ன ஆனது என்று பார்த்தார்கள். குப்பை குறைந்தது. கூடவே நல்ல பங்களிப்பும் குறைந்தது. கணக்குத் தொடங்க அரை நிமிடம்கூட ஆகாது. அந்த அரை நிமிடத்திலேயே நல்லவர்கள் பலர் திரும்பிவிட்டார்கள்.

இதற்கு நேரெதிராகத் தோன்றும் ஒரு முடிவும் இருக்கிறது. நான்கு நாள், பத்துத் திருத்தம் ஆகாதவர்கள் புதிய கட்டுரையை நேரடியாக வெளியிடக் கூடாது என்ற விதியை ஆங்கில விக்கிப்பீடியா தன்னார்வலர்கள் 2011இலேயே கேட்டார்கள். புதியவர்கள் விலகிப்போவார்கள் என்று அஞ்சி, தளத்தை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை மறுத்தது. கடைசியில் 2017 செப்டம்பர் முதல் 2018 மார்ச் வரை ஆறு மாதம் சோதனையாக விட்டுப் பார்த்தார்கள். நீக்கவேண்டிய பக்கங்கள் வெகுவாகக் குறைந்தன; புதியவர்கள் தங்கும் விகிதத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. 2018 ஏப்ரலில் விதி நிரந்தரமானது.

ஒரு விதி அரை நிமிடம் கேட்டு நல்லவர்களை இழக்கிறது, இன்னொன்று நான்கு நாள் கேட்டும் இழக்கவில்லை. வேறுபாடு கட்டுப்பாட்டின் நீளத்தில் இல்லை, அதை எங்கே வைத்தார்கள் என்பதில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். முதலாவது, ஓர் எழுத்துப்பிழையைத் திருத்த வந்தவரையும் வாசலில் நிறுத்துகிறது. இரண்டாவது, திருத்த வந்தவரை உள்ளே விட்டு, முழுக் கட்டுரை என்ற பெரிய செயலுக்கு மட்டும் நில் என்கிறது. அதற்கும் வரைவாக எழுதிப் பிறர் பார்வைக்கு வைக்கும் வழியைத் திறந்துவைக்கிறது. ஆளைப் பார்த்துத் தடுப்பதைவிட, செயலால் வரக்கூடிய கேட்டின் அளவைப் பார்த்துத் தடுப்பது புதியவருக்கு நியாயம் செய்கிறது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் 50 புள்ளி விதி இந்த வகையில் தலைகீழாக நிற்கிறது. முழுப் பதில் எழுதப் புள்ளி வேண்டாம். பதிலில் ஒரு சிறு ஐயம் கேட்க 50 வேண்டும். கருத்துகள் யார் கண்ணிலும் அதிகம் படாத இடம், ஸ்பேம் அங்கே ஒளிந்துகொள்ளும் என்ற அச்சத்தில் பொருள் இருக்கிறது. ஆனால் நடப்பது வேறு: ஐயம் கேட்க வழியில்லாத புதியவர் அதைப் பதில் பெட்டியில் எழுதுகிறார், இது பதில் இல்லை என்று அது நீக்கப்படுகிறது, அவரது முதல் அனுபவமே ஓர் அவமானமாகிவிடுகிறது.

எனக்கு மிகப் பிடித்த நாணயம், டிஸ்கோர்ஸ் என்ற உரையாடல் மென்பொருள் வாங்குவது. அதன் வழக்கமான அமைப்பில், புதியவர் அடுத்த படிக்கு ஏற ஐந்து உரையாடல்களைத் திறந்து, முப்பது பதிவுகளைப் படித்து, பத்து நிமிடம் வாசிப்பில் செலவிட்டிருக்க வேண்டும். அதுவரை ஒரு பதிவில் இரண்டு இணைப்புக்கு மேல் போட முடியாது, தனிச்செய்தி அனுப்ப முடியாது. கேட்கும் விலை வாசிப்பு. உண்மையான ஆர்வத்தோடு வந்தவர் எப்படியும் செய்யப்போகிற காரியம் அது. பலர் விலை கட்டியதையே உணர்வதில்லை. விளம்பரம் ஒட்டிவிட்டு ஓட வந்தவருக்கோ அது ஒவ்வொரு தளத்திலும் தனித்தனியாகக் கட்ட வேண்டிய வேலைநேரம்.

விதியையே மறைத்துவைக்கும் வழக்கத்தைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. விவாதத் தளமான ரெடிட்டின் பல குழுக்களில், கணக்கின் வயதும் புள்ளியும் குறைந்தபட்சம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை நிர்வாகிகள் வெளியே சொல்வதில்லை. சொன்னால் ஸ்பேமர் சரியாக அந்த அளவுக்குச் சேர்த்துக்கொண்டு வருவார் என்பது வாதம். அதனால் புதியவர் யோசித்து எழுதிய பதிவு எந்த விளக்கமும் இல்லாமல் காணாமல் போகிறது. சில நேரம் அவர் திரையில் மட்டும் தெரிந்துகொண்டிருக்கும், வேறு யாருக்கும் தெரியாது. இந்த ரகசியம் யாருக்கு ரகசியமாக இருக்கிறது? தொழிலாகச் செய்கிறவர் நூறு கணக்குகளை வைத்துச் சோதித்து வரம்பை ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார். ஒரே கணக்கோடு வந்த மனிதர்தான் தன்னை ஏன் யாரும் பொருட்படுத்தவில்லை என்று புரியாமல் வெளியேறுவார். எவ்வளவு நாள், எவ்வளவு வேலை, எப்போது நீங்கும் என்று வெளிப்படையாகச் சொல்வது குறைந்தபட்ச மரியாதை.

இப்போது உழைப்பு என்ற நாணயத்தின் மதிப்பும் சரிந்துகொண்டிருக்கிறது. பொருத்தமான பத்து வாக்கியங்களைப் பத்துப் பக்கங்களில் சேர்க்க மனிதர் தேவைப்பட்ட காலம் போய்விட்டது. செயற்கை நுண்ணறிவின் மொழி மாதிரிகள் அதைச் சில காசுக்குச் செய்யும். மனிதர் யாரும் சரிபார்க்காமல் அப்படி எழுதப்பட்ட பக்கங்களை விவாதமின்றி விரைந்து நீக்க 2025இல் ஆங்கில விக்கிப்பீடியா ஒரு தனி விதியே ஏற்றது. அறிமுகமானவர் அழைத்தால் மட்டுமே சேரலாம் என்று கதவை மாற்றிக்கொண்ட சமூகங்களும் உண்டு. லாப்ஸ்டர்ஸ் என்ற நிரலாளர் தளத்தில் யாரை யார் அழைத்தார் என்ற முழு மரமும் எல்லோர் பார்வைக்கும் இருக்கிறது; அழைத்தவரின் பெயரும் பணயத்தில் இருப்பதால் மொழி மாதிரியால் இதை எளிதில் உடைக்க முடியாது. ஆனால் அங்கே யாரையும் தெரியாத ஊரில் பிறந்தவர் எப்படி உள்ளே வருவார்?

ஃப்ரீட்மனும் ரெஸ்னிக்கும் 2001லேயே வேறொரு வழியைக் காட்டியிருந்தார்கள். ஒரு சமூகத்துக்கு ஒருவருக்கு ஒரே ஒரு புனைபெயர். வாழ்நாளில் இன்னொன்று கிடைக்காது. அந்தப் பெயருக்குப் பின்னால் யார் என்று அதை வழங்கியவருக்கும் தெரியாது. பெயரை உதற வழியில்லாததால் புதியவரைச் சந்தேகிக்கக் காரணம் மறைகிறது, அந்தரங்கமும் காப்பாற்றப்படுகிறது. இதற்குத் தேவையான கணிதத்தை, உள்ளே இருப்பதைப் பார்க்காமலே கையொப்பமிடும் முறையை, டேவிட் சௌம் 1980களிலேயே தந்துவிட்டார். ஒருவருக்கு ஒன்றுதான் என்று உறுதிசெய்யும் பொறுப்பை யாரிடம் கொடுப்பது என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. கருவிழியைப் படமெடுத்து அதைச் செய்ய முன்வந்த வேர்ல்ட்காயின் என்ற தனியார் திட்டம் 2023இல் தொடங்கியது. அந்த ஆகஸ்டிலேயே கென்ய அரசும் அடுத்த மார்ச்சில் ஸ்பெயினின் தரவுப் பாதுகாப்பு ஆணையமும் தங்கள் நாடுகளில் அதை நிறுத்திவைத்தன. அரசிடம் கொடுத்தால் கொரியாவின் பாடம் நினைவுக்கு வருகிறது, தனியார் நிறுவனத்திடம் கொடுத்தால் கென்யாவின் அச்சம். பல நாடுகளில் பல வழங்குநர்கள், எதையும் சேமிக்கக் கூடாது என்ற சட்டக் கட்டாயத்தோடு, ஒருவர் மறுத்தால் இன்னொருவரிடம் போகும் உரிமையோடு இயங்க முடியுமா என்பதைத்தான் இப்போது கணினியியலாளர்களும் சட்ட அறிஞர்களும் சேர்ந்து ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.